மஹ்மூத் ஹஸன் அலி, மூன்று பேர்

நஜ்உ ஹிலால்
மே 4

அன்புத் தங்கைக்கு,

இறைவனின் சாந்தி உன்மேல் இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை கிர்கிஸின் மினிபஸ்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தபாலில் போடும் கடிதத்தை நமக்கு முன்னால் வேறு யாரோ படித்துவிடுகிறார்கள். போனில் மூன்றாவது காது ஒன்று இருக்கிறது. அதனால் வாரம் ஒருமுறை உன் பாலைவனச் சோலைக்கு வண்டி ஓட்டும் கிர்கிஸே இனி நமக்குத் தபால்காரர்.

புரியாத கணக்கு வந்தால் முதலில் 'கொடுக்கப்பட்டவை' என்று எழுதச் சொல்வேன், நினைவிருக்கிறதா? நேற்று அப்படி எழுதிப் பார்த்தேன். நீ ஒரு நர்ஸ். பத்து வருடமாக நம் சுண்ணாம்புக் கல் குவாரிகளில் மின்ரம்பத்தில் செத்தவர்களின் பெயரைக் குறித்து வைத்தாய். பிப்ரவரியில் ஜெனீவாவில் ஐ.நா. குழுவின் முன்னால் அந்த இருபத்தொரு பெயரை வாசித்தாய். திரும்பி வந்தபோது விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். ஏப்ரலில் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி மாற்றல். 'கண்டுபிடிக்க வேண்டியது' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

குவாரிக்காரர்கள் உன்னைக் கேட்கிறார்கள். ஷஹாத் நேற்று படகுத்துறையில் சொன்னான்: "டாக்டரம்மாவ அனுப்பிட்டானுங்க வாத்தியாரே. இனி கை துண்டானா யாருகிட்ட போறது, மாட்டு டாக்டர்கிட்டயா?" பக்கத்தில் இருந்தவன், "உனக்கு அவருதான் சரி" என்றான். படகு முழுக்கச் சிரிப்பு.

உன் அண்ணி வெயிலில் பொங்கவைத்த ரொட்டி பத்து அனுப்பியிருக்கிறாள். மகன் நப்ஹான் சில நாளாக வீட்டில் இருக்கிறான். இந்த வெயிலுக்கு ஓய்வு நல்லதுதான். அங்கே செருப்பை உதறாமல் காலை விடாதே, தேள் இருக்கும்.

உன் நலமே வேண்டும் அண்ணன்,
துஹாமி


மே 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மேலும் சாந்தி உண்டாகட்டும். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? ரொட்டி கல்லாகிவிட்டது. பருப்பில் ஊறவைத்துத் தின்றேன், அமிர்தம்.

இங்கே மருந்தகத்தில் ஒரு நாளைக்கு இரண்டு நோயாளி. மூன்றாவதாக ஒருவர் வந்தால் அவர் வழி கேட்க வந்தவர். காலையில் காவல் சாவடிக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தேள் இரண்டு பார்த்தேன். இரண்டும் என்னைவிட மரியாதையாக நடத்தப்படுகின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். என் பட்டியலுக்கு அரசாங்கம் ஜெனீவாவில் பதில் கொடுத்திருக்கிறது. ஆறாம் எண், பதினோராம் எண், பதினேழாம் எண், மூன்றிலும் ஒரே பெயர்: மஹ்மூத் ஹஸன் அலி. ஒரே மனிதனை மூன்று முறை சாகடித்த பட்டியல் மொத்தமும் பொய் என்கிறார்கள். இங்கே என்மேல் பொய்ச் செய்தி பரப்பியதாக வழக்குத் தயாராகிறது. செப்டம்பர் பதினைந்துக்குள் நான் விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் சிறை. எத்தனை வருடம் என்பதுதான் கேள்வி என்கிறார் வக்கீல்.

தப்பு என்னுடையது அண்ணா. தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கும் ஊர் நம்முடையது. அப்பா பெயரும் தாத்தா பெயரும் எழுதிவிட்டு முழுப்பெயர் எழுதியதாக நினைத்துக்கொண்டேன். ஆளையும் ஆளையும் பிரித்துக் காட்டுவது அம்மா பெயர். அதைத்தான் கேட்கவில்லை. பிணத்தைக் கழுவிக் கொடுத்தவள் நான். ஆனாலும் வீட்டுப் பெண்ணின் பெயர் வெளியே போனாலே மானம் போனதாக நினைக்கும் நம் ஊரில், ஒரு ஆணிடம் அவன் தாயின் பெயரைக் கேட்க எனக்கும் நாக்கு எழவில்லை.

மரணச் சான்றுகளைக் குடும்பத்தாருக்குத் தரவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மூன்று அம்மாக்களின் பெயர் வேண்டும். உங்களால்தான் முடியும்.

உங்கள் தங்கை,
இன்ஷிராஹ்


ஜூன் 6

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமே கேட்க ஆசை.

ஷஹாத் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஆறாம் எண் அவனுடைய தம்பிதானே. தேநீர் வந்தது. குவாரி, விலைவாசி, கிர்கிஸ் வண்டியின் பிரேக் எல்லாம் பேசி முடித்தோம். பிறகு கேட்டேன். கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தான்.

"வாத்தியாரே, நீங்க எனக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தவரு. அதனாலதான் உக்காந்திருக்கேன். வேற எவனாச்சும் எங்க அம்மா பேரக் கேட்டிருந்தா இந்நேரம் ஆத்துல கெடந்திருப்பான்."

"தங்கச்சிக்காகத்தானே கேட்கறேன்பா."

"டாக்டரம்மாவுக்கு என் ரத்தம் கேளுங்க, தரேன். அத மட்டும் கேக்காதீங்க. நாளைக்குக் குவாரில எவன் வாயில எல்லாம் எங்க அம்மா பேரு கெடந்து உருளும்?"

பாதித் தேநீரோடு எழுந்து வந்தேன். மற்ற இரண்டு வீட்டிலும் அதுவும் கிடைக்கவில்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. முப்பத்தைந்து வருடம் பரீட்சைப் படிவம் நிரப்பியிருக்கிறேன். 'தாயின் பெயர்' என்ற கட்டம் வந்ததும் பையன்கள் துண்டுச்சீட்டில் எழுதிக் கையால் மறைத்துக்கொண்டு வந்து நீட்டுவார்கள். நானும் தலையைத் திருப்பிக்கொண்டுதான் வாங்குவேன். உன் கல்யாணப் பத்திரிகையில் 'துஹாமியின் தங்கை' என்று மட்டும் அச்சடித்தவனும் நான்தான்.

இறந்த தேதிகள் மூன்றும் வேறு வேறு அல்லவா? அது போதாதா?

துஹாமி


ஜூன் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

சலாம். நான் நலம். கண் மட்டும் மணலில் சிவந்திருக்கிறது.

தேதி போதாது. மூன்று தேதியும் என் கற்பனை என்கிறார்கள். தாயின் பெயர் இருந்தால் பிறப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுவிடலாம். அது அவர்களால் மறுக்க முடியாதது.

நீங்கள் கேட்டபோது ஷஹாத்தின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தம்பியின் உடல் வந்த அன்று கத்தாமல் நின்றவன் அவன். மறுபடியும் அவனிடம் போகச் சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் போங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். வெயில் காலத்தில்தானே நீரேற்று நிலையத்தில் வேலை அதிகம்? நப்ஹான் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான் என்கிறார் கிர்கிஸ், ஏன்?

இன்ஷிராஹ்


ஜூலை 25

அண்ணா,

ஐந்து வாரமாக கிர்கிஸ் வெறுங்கையோடு வருகிறார். "கடிதம் இல்லையா?" என்றால், "வாத்தியாரு பிஸி" என்கிறார். ஓய்வுபெற்ற வாத்தியார் எதில் பிஸி என்றால், டயரைப் பார்க்கக் குனிந்துவிடுகிறார். டயரில் ஒன்றும் இல்லை.

அண்ணி நலமா? நப்ஹான் நலமா? நீங்கள்?

இன்ஷிராஹ்


ஆகஸ்ட் 2

அன்புத் தங்கைக்கு,

சாந்தி உண்டாகட்டும். கவலைப்பட ஒன்றும் இல்லை. கண் வைத்தியத்துக்காக நகரத்துக்குப் போயிருந்தேன். வரிசை நீளம், சில நாள் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. இப்போது கண் நன்றாகத் தெரிகிறது.

மாங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறோம். பெயர் விஷயம் நடந்துகொண்டிருக்கிறது.

துஹாமி


ஆகஸ்ட் 10

அண்ணா,

ஊறுகாய்க்கு நன்றி.

கிர்கிஸை உட்காரவைத்து, பேரீச்சம்பழம் கொடுத்து, சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். "பொய் சொன்னா வண்டி போகாது" என்றேன். "எனக்குப் பொண்டாட்டி ஒருத்தியே போதும் அம்மா, நீங்க வேறயா" என்று புலம்பிவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒன்பது நாள் உங்களை வைத்திருந்தார்களாம். நப்ஹானை மே முதல் தேதியே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம்.

அறுபத்து நான்கு வயதில் சிமெண்டுத் தரையில் ஒன்பது நாள். அதற்குப் பெயர் கண் வைத்தியமா? விடையை மட்டும் எழுதி வழிமுறையை எழுதாத பையனுக்கு நீங்கள் எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

நான் முடிவு செய்துவிட்டேன். பட்டியலைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஜெனீவாவில் பேசியது நான். அதற்கான அடி என்மேல் விழட்டும் என்று நினைத்திருந்தேன். உங்கள் முதுகைத் தேடிப் போகும் என்று நினைக்கவில்லை. இந்த வாரம் உங்கள் பதில் வராவிட்டால் அடுத்த வாரம் சாவடியிலேயே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

இன்ஷிராஹ்


ஆகஸ்ட் 16

அன்புள்ள இன்ஷிராஹ்வுக்கு,

உறையின் மேலும் உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். கிர்கிஸ் வாங்கிப் பார்த்து, "இது யாரு?" என்றார். மூன்று மாதமாக உனக்குக் கடிதம் சுமக்கிற மனிதர்.

எதையும் எழுதிக் கொடுக்காதே. வழிமுறை கேட்டாய். இதோ படிப்படியாக எழுதுகிறேன்.

ஜூலை ஐந்தாம் தேதி காலையில் கூப்பிட்டார்கள். அதிகாரி இளைஞர், மரியாதையானவர். நாற்காலி போட்டார். "வாத்தியார் ஐயா, உங்க வீட்டுப் பொம்பளப் புள்ளய வெளிநாட்டுக்காரன் ஏமாத்திட்டான். நீங்க மூத்தவரு. நீங்க சொன்னா அவங்க சொன்ன மாதிரிதானே" என்றார். காகிதத்தை நீட்டினார். என் தங்கை பேசியது குடும்பத்தின் சம்மதம் இல்லாமல், அவளுக்கு அறிவு தெளிவில்லை, அவள் சொன்னதைக் குடும்பத்தின் சார்பில் நான் திரும்பப் பெறுகிறேன். இவ்வளவுதான் அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் நப்ஹானுக்கு வேலை, உனக்குப் பாஸ்போர்ட், மாற்றல் ரத்து.

இரண்டு முறை படித்தேன். "இதுல அவ பேரே இல்லையே தம்பி" என்றேன்.

"பேரு எதுக்கு ஐயா? நாமெல்லாம் மானம் மரியாதை உள்ளவங்க. உங்க வீட்டுப் பொண்ணு பேர நான் எழுதலாமா?"

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஒருவனுக்குப் பெயர் இல்லையென்றால் அவன் சொன்னதை வேறு யார் வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வகுப்பில் பெயர் எழுதாத விடைத்தாளை யாரும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா, அதுபோல. உன் கல்யாணப் பத்திரிகையிலேயே நான் இந்தக் காகிதத்துக்கு முன்மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"அவ பேரு இன்ஷிராஹ். அவ சொன்னதை அவகிட்டதான் கேட்கணும். நான் அவளுக்கு அண்ணன், அவ வாய் நான் இல்ல" என்றேன். நாற்காலியை எடுத்துவிட்டார்கள். ஒன்பது நாள் அப்படி வந்ததுதான். இடுப்பு கொஞ்சம் பிடித்துக்கொண்டது. வேறு ஒன்றும் இல்லை. உண்மையாகவே.

உன் கடிதம் வந்த மறுநாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் குவாரிக்குப் போனேன். உனக்கு அந்த இடம் தெரியும். வெள்ளைத் தூசியில் எல்லோரும் மாவு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். "ஜெயில் சாப்பாடு ஒத்துக்கிட்டாப்ல இருக்கு, வாத்தியாரு பளபளப்பா இருக்காரு" என்று ஒருவன் இடம் விட்டான். நான் உட்காரவில்லை. ஒரு கல்லின் மேல் ஏறி நின்றேன்.

"எங்க அம்மா பேரு தவ்ஹீதா" என்றேன்.

நாற்பது பேர். கையில் எடுத்த வெங்காயம் கையிலேயே இருந்தது.

"தவ்ஹீதா. ரெண்டு பெத்தா. மூத்தவன் உங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான், சின்னவ உங்க காயத்துக்குத் தையல் போட்டா. அந்தப் பேரச் சொல்றதுல எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? மூணு தாய் மூணு புள்ளயக் குடுத்திருக்காங்க இந்தக் கல்லுக்கு. ஒருத்திதான் பெத்தா, ஒருத்தன்தான் செத்தான்னு அங்க எழுதி வச்சிருக்கான். அது உங்களுக்கு மரியாதையா இருக்கா?"

நான் இறங்கிவிட்டேன். பாதி வழியில், பின்னால் செருப்புச் சத்தம். ஷஹாத்.

"காதுல சொல்றேன், எழுதிக்கங்க" என்றான்.

"காதுல வேணாம்பா. இங்கயே நின்னு சொல்லு, நான் எழுதறேன்."

அவன் குவாரியைத் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஹானிம்" என்றான். பிறகு அவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு முறை. முகத்துணியால் கண்ணைத் துடைத்தான். தூசிதான் என்றான். தூசியும் இருந்தது.

மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் அன்று சாயந்திரத்துக்குள் வந்தார்கள்.

ஆறு: மஹ்மூத் ஹஸன் அலி, தாய் ஹானிம்.
பதினொன்று: மஹ்மூத் ஹஸன் அலி, தாய் ராவியா.
பதினேழு: மஹ்மூத் ஹஸன் அலி, தாய் பகீத்தா.

நப்ஹானைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "அத்தை கையெழுத்துப் போட்டுட்டா நான் எந்த மூஞ்சியோட வேலைக்குப் போறது?" என்றான். இப்போது கிர்கிஸின் வண்டியில் பிரேக் மாற்றிக்கொண்டிருக்கிறான்.

உன் அண்ணன்,
துஹாமி


செப்டம்பர் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கும் அண்ணிக்கும் நப்ஹானுக்கும் சலாம். உங்கள் இடுப்புக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன். காலை, இரவு இரண்டு வேளையும். கணக்கு வாத்தியார் வேளை தவறக்கூடாது.

உங்கள் கடிதத்தை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. 'தவ்ஹீதா' என்ற இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்று பெயரும் ஜெனீவாவுக்குப் போய்விட்டன. விளக்கத்தைப் பதினான்காம் தேதியே கொடுத்துவிட்டோம். பிறப்புப் பதிவேட்டில் மூன்று பேரும் தனித்தனியாக இருக்கிறார்கள் என்று வக்கீல் எடுத்துக் காட்டிவிட்டார். விளக்கம் வாங்கிய அலுவலகத்தில் அதுவரை பொய் என்று உரக்கப் பேசியவர்கள் குரலைத் தாழ்த்தினார்களாம்.

இன்னொன்று. ஐ.நா.வோடு பேசியதற்காகப் பழிவாங்கப்பட்டவர்களைப் பற்றி ஆண்டுதோறும் ஓர் அறிக்கை வருகிறது. அதில் என்னைச் சேர்க்கிறார்கள். முழுப்பெயர் போடலாமா, முதல் எழுத்து மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறார்கள். சம்மதம் இல்லாமல் போட மாட்டார்கள். பெயர் போட்டால் சிலருக்குப் பாதுகாப்பு, சிலருக்கு இன்னும் கெடுபிடி. முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். நான் முழுப்பெயர் என்று சொல்லத்தான் நினைக்கிறேன். ஆனால் போன முறை உங்களைக் கேட்காமல் உங்கள் மேல் அடி விழுந்தது. இந்த முறை கேட்கிறேன்.

இன்ஷிராஹ்


செப்டம்பர் 26

அன்புள்ள இன்ஷிராஹ்வுக்கு,

நலம். களிம்பு நாறுகிறது, ஆனால் கேட்கிறது.

உன் பெயர் உன்னுடையது, நீயே முடிவு செய். என்னைக் கேட்டதால் ஒரு நிபந்தனை மட்டும் சொல்கிறேன்: என்னையும் போடச் சொல். 'அவருடைய குடும்பத்தினர் ஒருவர்' என்று போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். துஹாமி, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், ஒன்பது நாள்.

பள்ளிக்கூடத்தில் சாயந்திர வகுப்புக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதையும் எழுதிவிடுகிறேன், வழிமுறையில் விட்டுப்போனதாக இருக்க வேண்டாம். வகுப்பை வீட்டுக்கு மாற்றிக்கொண்டேன். கூட்டம் அதிகம், உன் அண்ணி கத்துகிறாள்.

துஹாமி


நவம்பர் 21

அன்புள்ள இன்ஷிராஹ்வுக்கு,

சாந்தி உண்டாகட்டும். அறிக்கை வந்த செய்தி கேட்டோம். உனக்கு ஒரு பத்தி, அதில் எனக்கு ஒரு வரி. நப்ஹான் மொழிபெயர்த்து வாசித்தான். நான் மூன்று முறை வாசிக்கச் சொன்னேன். உன் அண்ணி, "போதும், பரீட்சையில பாஸான மாதிரி" என்றாள். இருக்கட்டுமே.

வழக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று வக்கீல் சொன்னார். மூடவில்லை, நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் இல்லை, மாற்றல் ரத்து இல்லை. ஒன்றும் முடிந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன்.

இப்போது எழுதுவதை உட்கார்ந்து படி. முந்தாநாள் மூன்றாவது குவாரியில் ரம்பத்தின் வயர் பழையபடி அறுந்திருந்தது. ஸல்லாம் போய்விட்டான். முப்பத்தொரு வயது. வகுத்தல் சரியாக வராது, சிரிப்பு நன்றாக வரும்.

அடக்கம் முடிந்து மேட்டிலிருந்து இறங்கினோம். நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் நேரமா அது? அவனுடைய அண்ணன் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினான். சுற்றிலும் ஊர் முழுக்க நின்றது.

"வாத்தியாரே, பேனா இருக்கா? டாக்டரம்மா இல்லாட்டி யாரு எழுதுவா?"

இருக்கிறது என்றேன். அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். ஷஹாத் குனிந்து முதுகைக் காட்டினான், அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். வயர் அறுந்திருந்ததை இரண்டு நாள் முன்பே மேஸ்திரியிடம் சொன்னவர்கள் இரண்டு பேர் தங்கள் பெயரைத் தாங்களே கீழே எழுதினார்கள். கையெழுத்து மோசம், பெயர் முழுசு.

இருபத்திரண்டு: ஸல்லாம் அப்துல் ஜலீல் மன்சூர், தாய் ஃபஹீமா. நவம்பர் 19, காலை ஒன்பதரை. மின்கசிவு. சாட்சி இருவர்.

சரியாக எழுதியிருக்கிறேனா பார். தப்பு இருந்தால் திருத்தி அனுப்பு, நாங்கள் கற்றுக்கொள்கிறோம்.

துஹாமி


நவம்பர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸல்லாமுக்கு இறைவன் இரங்கட்டும். அவன் அண்ணனுக்கும் ஃபஹீமா அம்மாவுக்கும் என் சலாம்.

தப்பு ஒன்று இருக்கிறது. எழுதியவர் பெயர் போடவில்லை. போட்டு, தேதியோடு கையெழுத்துப் போட்டு, அடுத்த வண்டியில் அனுப்புங்கள். மற்றதெல்லாம் சரி. நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

இன்ஷிராஹ்